பாதி விலைக்குக் கிடைக்கும் திறந்த டார்ஃப்ரொமான்டிக்: வாங்கலாமா?

டார்ஃப்ரொமான்டிக், அட்டை டைல்களை அடுக்கி எல்லோரும் சேர்ந்து ஆடும் போர்டு கேம். ஏற்கெனவே பிரித்து ஆடிய பிரதி என்றாலும் தாராளமாக வாங்கலாம். விற்பவர் கேம்பெய்ன் (பல ஆட்டங்களாகத் தொடரும் வரிசை) முழுவதையும் ஆடி முடித்துவிட்டார் என்பது குறையே இல்லை. இதில் எதையும் கிழிப்பதோ ஒட்டுவதோ கிடையாது. ஆட ஆடத் திறக்கும் சின்னப் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தவற்றை அதனதன் பெட்டியில் திரும்பப் போட்டால் புது ஆட்டம்தான். தீர்ந்துபோவது எழுதும் தாள் மட்டும், நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்து அடுக்குவதை மட்டும் அவரையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்தால் ஆச்சரியமெல்லாம் அன்றைக்கே போய்விடும்!

இவ்வளவு மலிவாகத் தருவதற்குக் காரணம் அநேகமாக மொழி. இது ஜெர்மனியின் பெகாசஸ் ஷ்பீலே 2022இல் வெளியிட்டது. ஜெர்மன் பிரதியா என்று பார்க்க, விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள பொருள் பட்டியலோடு டைல்களையும் எண்ணச் சொல்லுங்கள். நிலப்பரப்பு டைல் ஒன்று குறைந்தால் சமாளிக்கலாம். பணி டைல் (முடிக்க வேண்டிய இலக்கைச் சொல்வது) குறைந்தால் வேண்டாம். எப்போதும் மூன்று பணி திறந்திருக்க வேண்டிய ஆட்டம் இது.

ஒன்று: தோற்கும் பயம் இதில் இல்லை, புள்ளி சேர்ப்பதுதான். பதற்றம் வேண்டுமென்றால் 'மிஸ்ட் ஓவர் கார்கசான்' தேடுங்கள். அதுவும் சேர்ந்து ஆடுவதுதான், ஆனால் பேய்கள் விடாது.