ஈராண்டு பட்ஜெட் தேவையா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்ஜெட் போட்டால், மிச்சமாகும் நேரத்தில் துறைகளின் செலவைச் சட்டமன்றம் ஆராயலாம் என்கிறார்களே, சரிதானா?

பதில்: நேரம் உண்மையிலேயே மிச்சமானால் சரிதான். ஒரு பட்ஜெட் நிறைவேறிய கையோடு அடுத்ததற்கான மதிப்பீடுகளில் துறைகள் இறங்கிவிடுவதால், சென்ற ஆண்டு ஒதுக்கிய பணம் என்ன பயன் தந்தது என்று பார்க்க எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 1993இல் துணை அதிபர் அல் கோர் தலைமையில் நடந்த நிர்வாக ஆய்வும் ஈராண்டு முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்நேரத்தை ஆய்வுக்கென விதியிலேயே ஒதுக்காவிட்டால், துணை மானியக் கோரிக்கைகளே (பட்ஜெட்டுக்குப் பின் துறைகள் கூடுதல் பணம் கேட்பது) அதை விழுங்கிவிடும். வாஷிங்டன் மாநிலம் பட்ஜெட்டை ஈராண்டுக்குத்தான் நிறைவேற்றுகிறது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டில் துணை பட்ஜெட் போடுவது அங்கு வழக்கமாகிவிட்டது.

கேள்வி: இது புதிய யோசனையா?

பதில்: பழையது. 1940இல் அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 44 இம்முறையைப் பின்பற்றின. இன்று சுமார் 20 மட்டுமே. சட்டமன்றங்கள் ஆண்டுதோறும் கூடத் தொடங்கியது இதற்கு முக்கியக் காரணம்.

கேள்வி: இடையில் பொருளாதாரம் சரிந்தால் என்ன ஆகும்?

பதில்: என் முதன்மையான ஆட்சேபம் இதுதான். ஈராண்டு பட்ஜெட் போடும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் கூடுகிறது. 2019 ஜனவரியில் வருவாயைக் கணித்தவர்கள் 2021 ஆகஸ்ட் வரைக்கும், அதாவது இரண்டரை ஆண்டுக்கும் மேலான காலத்துக்கு, கணிக்க வேண்டியிருந்தது. 2020இல் கொரோனாவும் எண்ணெய் விலைச் சரிவும் சேர்ந்து தாக்கியபோது சட்டமன்றம் கூட்டத்தில் இல்லை. சிறப்புக் கூட்டத்தை அழைக்கும் அதிகாரம் அந்த மாநில அரசின் தலைவரான ஆளுநருக்கு மட்டுமே உண்டு. அந்த மே மாதம் ஆளுநர், துணை ஆளுநர், அவைத் தலைவர் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய கடிதம், பெரும்பாலான துறைகளைச் செலவில் 5 சதவீதம் குறைக்கச் சொன்னது. எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்பது அவையில் எல்லோர் முன்னிலையிலும் விவாதிக்கப்பட வேண்டிய விஷயம். நெருக்கடி வந்த வேளையில் உறுப்பினர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நிதியாண்டு முடிவில் பணத்தைத் தீர்க்க அவசரமாகச் செலவிடுவதாவது குறையாதா?

பதில்: ஆண்டுக்கொரு முறை நடப்பது ஈராண்டுக்கொரு முறை நடக்கும், அவ்வளவே. செலவாகாத தொகையில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தாலே அந்த அவசரத்துக்கான காரணம் பெருமளவு நீங்கும்.

கேள்வி: அப்படியானால் நீண்டகாலத் திட்டமிடலுக்கு என்ன வழி?

பதில்: ஒப்புதலை ஆண்டுதோறும் வைத்துக்கொண்டு, திட்டமிடலை மட்டும் நீட்டிக்கலாம். சுவீடன் 1997 முதல் மொத்தச் செலவுக்கு மூன்று ஆண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் அடங்கும் பட்ஜெட்டை நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் நிறைவேற்றுகிறது. தடைபடக் கூடாத சேவைகளுக்கு மட்டும் முன்கூட்டியே ஒதுக்கலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவச் சேவைக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு முன்னதாகவே நிதி ஒதுக்கப்படுகிறது. ஆகவே புதிய பட்ஜெட் நிறைவேறத் தாமதமானாலும் அந்த மருத்துவமனைகள் பணமின்றி நிற்பதில்லை.