ஒரு விமர்சகர் தனக்குப் பிடித்த வீடியோ கேம்களைப் பட்டியல் போட்டால் வாசகர்கள் ஏன் இப்படிச் சண்டைக்கு வருகிறார்கள்? அந்தப் பதில்களைப் படிப்பதில் ஏதாவது பயன் உண்டா?

சண்டையில் பாதி எந்த கேம் சிறந்தது என்பதைப் பற்றியதே இல்லை. அந்த வயதில் யார் வீட்டில் எந்தக் கருவி இருந்தது என்பதுதான் விஷயம்.

1998-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோ 64 என்ற கேம் கருவி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு செல்டா வரிசையில் ஒக்கரினா ஆஃப் டைம் வந்தது. பிளேஸ்டேஷன்காரர்களுக்கு மெட்டல் கியர் சாலிட். கம்ப்யூட்டர் மட்டும் இருந்தவர்களுக்கோ ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட், பால்டர்ஸ் கேட், தீஃப் என்று கொட்டித் தீர்த்த ஆண்டு அது. ஒரே வயதுப் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று தனி உலகங்களில் வளர்ந்திருக்கிறார்கள். விமர்சகரும் அந்த மூவரில் ஒருவர்தானே? அவர் பட்டியலில் ஹாஃப்-லைஃப் இருந்து ஒக்கரினா இல்லை என்றால், அது ஒக்கரினா மேல் அவர் சொன்ன தீர்ப்பு அல்ல. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது தன் சிறுவயதையே யாரோ கோடு போட்டு அடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

சினிமா விமர்சகர் நினைத்தால் ஒரே நாளில் மூன்று படம் பார்த்துவிடலாம். ஆனால் விட்சர் 3 என்ற கேமின் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே கிட்டத்தட்ட ஐம்பது மணி நேரம் போகும். பக்கக் கதைகளிலும் இறங்கினால் நூறு. எல்லாவற்றையும் விளையாடிவிட்டுப் பட்டியல் போடுகிற மனிதர் யாரும் இருக்க முடியாது. 'இது எங்கே, அது எங்கே' என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் உண்மையான பதில், 'நேரம் கிடைக்கவில்லை' என்பதுதான்.

அப்புறம், மற்ற கலைகளில் இல்லாத ஒரு தகராறு இங்கே உண்டு. திறமை. 2011-ல் வந்த, ரொம்பக் கடினம் என்று பெயரெடுத்த டார்க் சோல்ஸைப் பட்டியலில் சேர்க்காமல் பாருங்கள், 'உனக்கு விளையாட வராது, அதான் சேர்க்கவில்லை' என்று உடனே ஒருவர் வந்துவிடுவார். சினிமா விமர்சகரைப் பார்த்துப் 'படம் உனக்குப் புரியவில்லை' என்று திட்டலாம். 'இடைவேளையைத் தாண்டவே உன்னால் முடியவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கேலி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதில் ஒரு நியாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த கேமில் செத்துச் செத்து நெருப்பின் பக்கத்தில் மறுபடி எழுவதுதான் கற்றுக்கொள்ளும் வழி. ஆரம்பத்திலேயே கைவிட்டவர் பார்த்தது வேறு கேம், முடித்தவர் பார்த்தது வேறு கேம்.

வாசகர்களின் பதிலுக்குப் பலன் இருந்ததற்கும் உதாரணம் உண்டு. சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், 2010 ஏப்ரலில், வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாது என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் பதில் எழுதினார்கள். அந்த ஜூலையில் அவர் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் விளையாடிப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். ஒரு விமர்சகரை அவ்வளவு தூரம் இறங்கி வரச் செய்வது சாதாரண விஷயமில்லை.

சரி, எந்தப் பதிலைப் படிக்கலாம்? பத்துப் பெயர்களை வரிசையாக அடுக்கி, கடைசியில் நான்கு ஆச்சரியக்குறி போடுகிறவற்றை நான் தாண்டிவிடுவேன். இப்படி ஒரு பட்டியலுக்குக் கீழே ஒருவர் பேப்பர்ஸ், ப்ளீஸ் பற்றி எழுதியிருந்தார். லூகாஸ் போப் உருவாக்கி 2013-ல் வந்த கேம். நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் ஆவணம் சரிபார்க்கும் அதிகாரி. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறீர்களோ, அதற்குத்தான் கூலி. அதில்தான் வாடகை, குடும்பத்துக்குச் சாப்பாடு எல்லாம். ஒருவர் வருகிறார், அவர் தாள்கள் எல்லாம் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து வரும் பெண்ணிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உள்ளே விட்டால் உங்கள் மேசையில் எச்சரிக்கைச் சீட்டு வந்து விழும். அன்றைக்கு முதல் இரண்டு தவறுக்கு அபராதம் கிடையாது, மூன்றாவதிலிருந்து கூலியில் கை வைப்பார்கள். ஆகவே அவள் முகத்தைப் பார்க்கும்போதே, இன்று ஏற்கெனவே எத்தனை சீட்டு வாங்கியிருக்கிறோம் என்று மனது கணக்குப் போடும். அந்தக் கணக்கு தன்னைக் கூசச் செய்தது என்று எழுதியிருந்தார். விமர்சகரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்துத்தான் நான் அந்த கேமை வாங்கினேன்.

விமர்சகரின் பட்டியலைப் படிக்க எனக்கு ஒரு வழி உண்டு. எல்லோர் பட்டியலிலும் வருகிற பெயர்களை விட்டுவிடுவேன். எனக்குப் பிடித்த, அதிகம் பேர் பேசாத ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடுவேன். உதாரணத்துக்கு, கிரிம் ஃபாண்டாங்கோ என்ற கேம் கண்ணில் பட்டால், அந்தப் பட்டியலில் எனக்குத் தெரியாத மற்ற எல்லாப் பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்வேன்.