தையில் பூத்த காப்பி

கேள்வி: ஐயா, நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காப்பி. பங்குனியில் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கிற செடி, இந்த முறை தையில் கொஞ்சம், மாசியில் கொஞ்சம், சித்திரையில் மிச்சம் என்று பூத்தது. மலை சூடாகிவிட்டதுதான் காரணமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: நேரடிக் காரணம் சூடு இல்லை. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே முழுசாகப் பூத்தன. அதற்கு முந்தைய 1,200 வருடப் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. அங்கே வசந்தத்தின் வெப்பம் நாள் குறிக்கிறது. நம் காப்பிக்கு முகூர்த்தம் குறிப்பது மழை.

கணுவில் மொட்டு பச்சையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நன்றாகக் காய்ந்த செடிக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மழை கிடைத்தால் பத்தாம் நாள் காலையில் தோட்டமே மல்லிகை வாசம். வெறும் தூறலோடு ஏமாற்றினால் மொட்டு பாதி விரிந்து, விறைத்த பச்சை நட்சத்திரமாக நின்றுவிடும். அது காய்க்காது. சூடு இந்தக் கதைக்குள் வருவது மழை வழியாகத்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். பெய்தால் கொட்டும், இடையில் காயப்போடும்.

செம்மடுவில் என் மாமனார் தோட்டத்தில் ஒரு வருடம் தையிலேயே பூத்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். அறுவடையில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஒரே கிளையில் கருத்துக் காய்ந்தது, சிவந்தது, பச்சை, மூன்றும்! இரண்டு தடவை பறிக்க வேண்டியதை ஐந்து தடவை பறித்தோம். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. விட்டுப்போன பழத்தில் காய்த்துளைப்பான் வண்டு சுகமாகக் குடியிருந்தது.

அதனால் முன்னாடி பழுப்பதை முதலில் பறித்துவிடுங்கள், உதிர்ந்ததையும் பொறுக்கிவிடுங்கள். குட்டை வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் மார்ச்சில் ஸ்பிரிங்க்ளர் போட்டுத் பூக்கவைக்கும் மழையைத் தாங்களே பெய்விக்கிறார்கள். இரண்டு ஏக்கருக்குக் கடன் வாங்கி அதைச் செய்யச் சொல்லமாட்டேன். நிழல் மரத்தை மட்டும் ஒரேயடியாகக் கழித்துவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு வருடத்துப் பூவை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று தீர்ப்பு எழுத முடியாது. பெய்த நாள், பெய்த அளவு, பூத்த நாள் மூன்றையும் தினசரிக் காலண்டரிலேயே குறித்து வாருங்கள். மழைமானியை வெட்டவெளியில் வையுங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் வைத்து, இலை சொட்டுவதையெல்லாம் மழையென்று ஒரு வருடம் முழுக்க எழுதிவைத்தவன் நான்.