பார்க்கின்சன் வந்தா மறதியும் வருமா? கோத்தகிரி வாசகிக்கு டாக்டர் பதில்

கோத்தகிரியிலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு 67 வயசு, சின்னதா சொந்த தேயிலைத் தோட்டம், பார்க்கின்சனுக்கு ஒன்றரை வருஷமா மாத்திரை சாப்பிடுறார். கை நடுக்கம் குறைஞ்சிருக்கு, ஆனா ஃபேக்டரிக்கு போட்ட பச்சத் தேயிலை கணக்க எழுத உக்காந்தா பாதியில பேனாவ வச்சிட்டு நோட்டையே பாத்துட்டு இருக்கார், பேரெல்லாம் சட்டுனு வரமாட்டேங்குது, சோம்பேறியாயிட்டீங்கன்னு அம்மா சத்தம் போடுறாங்க. "இது அல்சைமரா டாக்டர்?"

சகோதரி, நீங்க எழுதியிருக்கறத வச்சு பாத்தா அல்சைமர் மாதிரி தெரியல, பார்க்கின்சனோட இன்னொரு முகம் மாதிரிதான் இருக்கு. 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயப் பத்தி எழுதினப்போ அறிவு பாதிக்காதுன்னுதான் எழுதினார், அதனாலயோ என்னவோ இன்னைக்கும் எல்லாரும் கையையும் காலையும் மட்டும்தான் பாக்குறோம். நோய் கண்டுபிடிக்கிற சமயத்துலயே கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு யோசனையில லேசான தடுமாற்றம் இருக்கும். மூளையில டோபமைன்ங்கற ரசாயனம் குறையும்போது கை கால் மெதுவாகுற மாதிரியே யோசனையும் மெதுவாகும், ரெண்டு மூணு வேலைய வரிசையா மனசுல வச்சு செய்யறது கஷ்டமாகும், கிலோவ ரேட்டால பெருக்கி அட்வான்ஸ கழிக்கறது அப்படிப்பட்ட வேலைதானே.

வீட்லயே ஒண்ணு பாருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க, முழிச்சார்னா "இட்லியா உப்புமாவா"ன்னு எடுத்துக் குடுங்க, உடனே சரியா சொல்லிட்டார்னா விஷயம் உள்ள பதிஞ்சிருக்கு, எடுக்கத்தான் நேரமாகுது. அல்சைமர்ல பெரும்பாலும் எடுத்துக் குடுத்தாலும் வராது. இத வச்சே முடிவு பண்ணிடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்ல உதவும், அவ்ளோதான்.

அம்மாகிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க, அது சோம்பேறித்தனம் இல்ல, எதையும் ஆரம்பிக்கவே மனசு எழும்பாம போறதும் இந்த நோய்ல ஒரு அறிகுறி, மனச்சோர்வும் கூட சேர்ந்திருக்கலாம், அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. நீலகிரி தைலத்த மூக்குக்கிட்ட வச்சாலும் வாசனை தெரியலன்னு சொல்றாரா, தூக்கத்துல கத்தி கை கால உதறுறாரா, மலச்சிக்கல் இருக்கா, எந்திரிச்சு நின்னா தலை சுத்துதா, இதெல்லாம் ஒரே குடும்பம், எழுதி வைங்க.

நான் முதல்ல பாக்க சொல்றது மாத்திரை அட்டைதான். நடுக்கத்துக்கு குடுக்குற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அதுல இருந்தா இந்த வயசுல ஞாபகத்த நல்லாவே மங்க வைக்கும். அப்புறம் நம்ம மலைக்குளிருக்கு சளின்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுற அவில் மாதிரி மாத்திரைகளும் அதே வேலைய பண்ணும், இத கேக்காமலே விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். ஆனா எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா பார்க்கின்சனுக்கு குடுக்குற லெவோடோபா மாத்திரைய திடீர்னு நிறுத்தறது ஆபத்து. கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பண்ணிடுங்க.

இந்த லேசான கட்டத்துக்குன்னு நிரூபணமான மாத்திரை இல்ல. தினமும் நடக்கட்டும், மேடு இறக்கத்துல வேணாம், சமமான ரோட்டுல நீங்க யாராவது கூட போங்க. கணக்கையும் பிடுங்கிடாதீங்க, பக்கத்துல உக்காந்து ஒரு வரி முடிஞ்சப்புறம் அடுத்த வரின்னு போகட்டும்.

இல்லாத ஆள் நிக்கிறதா சொன்னாலோ, ரெண்டு நாள்ல திடீர்னு குழம்பிப் போனாலோ காத்திருக்காதீங்க, யூரின் இன்ஃபெக்ஷன் கூட அப்படி பண்ணும். மத்தபடி அடுத்த தடவை கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டர பாக்கப் போறப்போ எல்லா மாத்திரை அட்டையையும், சளி மாத்திரையையும் சேத்து, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.