பருக்குழிக்கு ஊசி ரோலர்: வீட்டில் உருட்டலாமா?

ஈரோட்டிலிருந்து 27 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்: "பத்தாம் வகுப்பில் வந்த பரு, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் அடங்கியது. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு கன்னத்திலும் குழி குழியாக நிற்கிறது, கொஞ்சம் கறுப்பு அடையாளமும் இருக்கிறது. தையில் கல்யாணம். பக்கத்து பார்லரில் டெர்மாரோலர் (நுண்ணிய ஊசிகள் பதித்த சிறு உருளை) ஆறு சிட்டிங் பேக்கேஜ் என்கிறார்கள். நானே ஆன்லைனில் 1.5 மில்லிமீட்டர் ஊசியுள்ள ரோலர் ஒன்று வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. வீட்டிலேயே உருட்டலாமா? குழி முழுசாகப் போய்விடுமா?"

தம்பி, பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவரைக்கும் நல்லது. பிரிக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் கன்னத்தில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் "டாக்டர், ரோலர் போடணும்" என்று சிகிச்சையின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள், எந்த மாதிரிக் குழிக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். முகத்தில் குழி என்பது ஒரே வியாதி இல்லை.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சைக் காதுப் பக்கமிருந்து கன்னத்தின் மேல் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது (ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் முகம் சமமாகத் தெரிவது அதனால்தான், "சிகிச்சைக்கு முன், பின்" படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்). சாய்ந்த வெளிச்சத்தில் எங்கெல்லாம் நிழல் விழுகிறதோ அதுதான் குழி. நிழல் இல்லாமல் நிறம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது பரு ஆறிய கறை, தழும்பு இல்லை. நம் நிறத்துத் தோலில் இது சாதாரணம். இதற்கு ஊசியே வேண்டாம். சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதித் தரும் அசெலாயிக் ஆசிட், ட்ரெட்டினாயின் மாதிரி க்ரீமும், சில மாதப் பொறுமையும் போதும். மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் "வெள்ளையாக்கும்" க்ரீம் மட்டும் வேண்டாம், பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, அதைத் தொடர்ந்து தேய்த்தால் பருவே திரும்பி வரும்.

அடுத்தது, நிழல் விழுகிற இடத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பிடியுங்கள். இழுத்ததும் மறைகிற அகலமான பள்ளம் ஒரு வகை. இலவம்பஞ்சு மெத்தையில் நூல் கோத்து முடிச்சுப் போட்ட இடம் பள்ளமாக நிற்குமே, அதே கதைதான்: தோலுக்கு அடியில் நார் ஒன்று கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. மேலே எத்தனை தடவை ஊசி குத்தினாலும் அந்த முடிச்சு அப்படியேதான் இருக்கும், முதலில் அதை அறுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் சப்சிஷன், பக்கவாட்டில் ஓர் ஊசியை நுழைத்து நாரை வெட்டிவிடுவது. ஒன்றிரண்டு வாரம் கன்றிப்போய் நீலமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

கோணி ஊசியால் குத்தியது போல, வாய் சின்னதாகவும் ஆழம் அதிகமாகவும் இருப்பது இரண்டாவது வகை. ஐஸ்பிக் என்போம். இது இழுத்தாலும் மறையாது, ரோலருக்கும் அவ்வளவாக மசியாது. அடர்த்தியான டிசிஏ (ட்ரைக்ளோரோஅசிட்டிக்) அமிலத்தை ஒரு குச்சி நுனியால் ஒவ்வொரு குழிக்குள்ளும் தனித்தனியாகத் தொட்டு வைப்போம். குழி பெரிதாக இருந்தால் பஞ்ச் கருவியால் வெட்டி எடுத்துத் தையல் போடுவதும் உண்டு. மூன்றாவது, உளியால் செதுக்கியது போல ஓரம் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருக்கும் பாக்ஸ்கார் குழி. இதில் ஆழம் குறைந்தவையும், நார் அறுத்துவிட்ட முதல் வகையும்தான், ரோலர் மாதிரிக் கருவியால் நுண்ணிய ஊசி குத்தும் மைக்ரோநீடிலிங்குக்கு நன்றாகக் கேட்பவை. பெரும்பாலான முகங்களில் மூன்றும் கலந்துதான் இருக்கும். அதனால்தான் முகத்தைப் பார்க்காமலே "ஆறு சிட்டிங்" என்று சொல்லும் பேக்கேஜ் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, ஊசி குத்தினால் குழி எப்படி நிரம்பும்? 1990களில் மான்ட்ரியலில் கமிராண்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், வெளுத்துப்போன தழும்புகளை மறைக்கத் தோல் நிறத்தில் பச்சை குத்திவிட்டார். ஒன்றிரண்டு வருடத்தில் மை மறைந்துவிட்டது, ஆனால் தழும்பு மட்டும் முன்னைவிட மேலாக இருந்தது. மையில்லாமல் வெறும் ஊசியை ஓட்டிப் பார்த்தார், அதற்கும் பலன் தெரிந்தது. 1997இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் அதை உருளையாக்கினார், இன்று நீங்கள் வாங்கி வைத்திருப்பது அந்த வம்சம். விஷயம் இதுதான்: நுண்ணிய காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன, அது அடித்தோலில் உள்ள செல்களை எழுப்பிப் புதுக் கொலாஜனை, அதாவது தோலுக்கு உறுதி தரும் புரதத்தை, கட்ட வைக்கிறது. முதலில் கட்டுவது கட்டட வேலையில் போடும் தற்காலிகச் சாரம் மாதிரியான கொலாஜன், உறுதியான வகை அதன் இடத்தைப் பிடிக்க மாதக்கணக்காகும். மேல்தோல் பெரும்பாலும் சேதமில்லாமல் இருப்பதாலும் சூடு இல்லாததாலும், கார்பன் டைஆக்சைடு லேசரோடு ஒப்பிட்டால் மாநிறம், கறுப்பு நிறத் தோலில் கறை விழும் ஆபத்து குறைவு. நம் ஊரில் நான் பெரும்பாலும் இதிலிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம்.

இப்போது வீட்டு ரோலர். கொலாஜன் தூண்டப்பட ஊசி அடித்தோல் வரை போக வேண்டும், கன்னத்துக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை. அந்த ஆழத்தில் ரத்தம் வரும், வர வேண்டும், புள்ளி புள்ளியாகக் கசிந்ததும் நிறுத்துவோம். கிளினிக்கில் மரத்துப்போகும் க்ரீம் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி முக்கால் மணி நேரமாவது உட்கார வைத்து, துடைத்து, கிருமிநாசினி போட்டு, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் செய்கிறோம். எலும்பு மேல் தோல் மெலிந்த நெற்றியிலும் கண் ஓரத்திலும் ஆழத்தைக் குறைத்துக்கொள்வோம். இதை நீங்களே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி செய்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே சீராக இருக்காது. தண்டவாளம் போட்டது போலக் கன்னத்தில் வரிசையாகக் கோடு விழுந்த ஒரு கல்லூரிப் பையனைப் பார்த்திருக்கிறேன், குழிக்காக உருட்டினான், குழியும் இருந்தது, கோடும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு அதே ரோலரை அண்ணனும் உபயோகித்திருக்கிறார்! 0.2, 0.3 மில்லிமீட்டர் ரோலர் இந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் அது குழிக்கு ஒன்றும் செய்யாது.

பார்லருக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், ரத்தத்தைப் பிரித்து எடுத்து ஊசியோடு முகத்தில் செலுத்தும் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது, அதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024இல் ஆவணப்படுத்தியது. ரத்தம் வரும் வேலை எதுவும் அழகுக்கலை இல்லை, மருத்துவம். தோல் மருத்துவரிடம் போனாலும் ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை விஷயம். ஐசோட்ரெட்டினாயின் நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகே முகத்தில் எதுவும் செய்யலாம் என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நிபுணர் குழுக்கள் ஆய்வுகளைத் திரும்பப் புரட்டி, எல்லாச் சிகிச்சையையும் அப்படித் தள்ளிப்போட ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டன. தோலை ஆழமாக உரித்தெடுக்கும் முறைகளுக்குத்தான் இன்னும் தயங்குகிறோம். நீடிலிங்குக்கு உங்கள் இரண்டு மாதம் தடையில்லை, டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் போதும். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது புதுப் பரு வருகிறதா என்பது. சீழ்ப்பரு இருக்கும் முகத்தில் ஊசி ஓட்டினால் கிருமியை நாமே பரப்பியது போல ஆகும். உதட்டோரம் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வருமா, காயம் பட்டால் மேடாகத் தடிக்கும் கீலாய்டு உடம்பா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வெண்புள்ளி அல்லது சொரியாசிஸ் உண்டா, இதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கல்யாணக் கணக்குக்கு வருவோம். இரண்டு சிட்டிங்குக்கு நடுவில் நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், சாதாரணமாக மூன்று முதல் ஆறு சிட்டிங் தேவைப்படும். இப்போது ஆவணி. ஆவணிக் கடைசியில் ஒன்று, சப்சிஷன் தேவையென்றால் அதுவும் அன்றைக்கே, ஐப்பசித் தொடக்கத்தில் ஒன்று, கார்த்திகை நடுவில் ஒன்று. மார்கழியில் முகத்தைச் சும்மா விடுங்கள். மிச்சம் இருப்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி சிட்டிங்கின் பலன் மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் முழுசாகத் தெரியும் என்பதால், தை மாத போட்டோவில் இருக்கப்போவது பாதி வழியில் இருக்கும் முகம். முழுசாகப் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. பாதிக்கு மேல் தேறினாலே நல்ல பலன் என்று நான் எடுத்துக்கொள்வேன். பக்கத்தில் நின்று பேசுகிறவர் கண்ணுக்குக் குழி முதலில் படாது, சாய்ந்த வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரியும்.

சில இடங்களில் ரோலர் பழசு, எம்என்ஆர்எஃப் போடுங்கள் என்பார்கள். ஊசி முனையில் ரேடியோ அலைச் சூட்டையும் சேர்ப்பது அது. ஆழமான தழும்பில் நல்ல பலன் தரும்தான், ஆனால் சூடு என்றால் தவறு செய்ய இடம் அதிகம். தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைவு, நரம்புப் பாதிப்பு வந்ததாகப் புகார்கள் வந்த பிறகு 2025 அக்டோபரில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. மெஷின் பெயரைக் கேட்பதைவிட, யார் கையில் பிடிக்கப்போகிறார் என்று கேளுங்கள். டாக்டரா, உதவியாளரா?

செய்துகொண்ட அன்று முகம் வெயிலில் வெந்தது போலச் சிவந்திருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மறுநாளிலிருந்து சன்ஸ்கிரீன், வேறொன்றும் வேண்டாம். ரெட்டினால், வைட்டமின் சி சீரம், ஸ்க்ரப் எல்லாம் ஒரு வாரம் அலமாரியிலேயே இருக்கட்டும், துளை திறந்திருக்கும்போது சீரம் பூசி உள்ளே கட்டி கட்டியாக எதிர்வினை வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஜிம்முக்கும் இரண்டு நாள் லீவு. வீட்டில் அம்மா எலுமிச்சை, பயத்தமாவு என்று ஏதாவது குழைத்துக்கொண்டு வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். நலங்கு மஞ்சளுக்குத் தடையில்லை, அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அந்த ரோலரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், பிரிக்கிறவர் கையில் குத்தும். கெட்டியான டப்பாவில் போட்டு, மூடியை டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.