மொனாக்கோவில் வெளிச்சம் எப்போது, எங்கே? – கமரா கேள்வி பதில்

பிரான்சில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர் நீஸ் நகரம் வரை போய், அங்கிருந்து ஒரு பகல் மொனாக்கோவையும் சுற்றிவிட்டு வருகிறார்கள். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒன்றாகப் பதில் தருகிறோம்.

நீஸில் தங்குகிறோம். மொனாக்கோவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எந்த நேரத்தில் எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?
– வாசகி, வெள்ளவத்தை

கொழும்பில் இருப்பவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காலிமுகத்திடலில் சூரியன் கடலில் இறங்குகிறது. அதனால் கடற்கரைப் படம் என்றாலே மாலையில் போனால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். மொனாக்கோவில் இது நேர்மாறு. கடல் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறது, மேற்கே மலை. தெத் து சியன் என்ற பாறைமுகடு ஏறத்தாழ 550 மீற்றர் உயரத்தில் நாட்டின் தலைக்கு மேலேயே நிற்கிறது. கோடையில் சூரியன் மறைவதாகக் காலண்டரில் போட்டிருக்கும் நேரத்துக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் மலை நிழல் விழுந்துவிடும். பொன்னிற மாலை வெயிலை நம்பிப் போனவர்களுக்குக் கிடைப்பது மங்கிய சாம்பல் நிறக் கட்டடங்கள்தான். அந்த வெயில் உங்களுக்கு வேண்டுமென்றால் காலையில் வாருங்கள்.

நீஸிலிருந்து ரயிலில் 20 முதல் 25 நிமிடம். மொனாக்கோ நிலையம் 1999 முதல் பாறைக்குள் குடைந்த சுரங்கத்தில் இருக்கிறது. அதற்குப் பல வாசல்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில். அவசரத்தில் கண்ட வாசலால் வெளியேறினால் போக வேண்டிய இடத்துக்கு மேலேயோ கீழேயோ போய் நிற்பீர்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்து, பழைய நகரம் இருக்கும் பாறைப் பக்கம் செல்லும் வழியைப் பிடியுங்கள்.

அந்தப் பாறையின் மேல் அரண்மனைச் சதுக்கம் இருக்கிறது. அதன் வடகிழக்கு மதில் ஓரம் நின்றால் கீழே எர்க்குயூல் துறைமுகம், எதிரே மொன்டே கார்லோ, பின்னால் மலை. காலையில் வெயில் உங்கள் வலப்பக்கக் கடலிலிருந்து வந்து கட்டட முகங்களில் விழும். முழுக் காட்சிக்கு 24 முதல் 35 மி.மீ. அகல லென்ஸ் போதும். ஆனால் மொனாக்கோவின் தன்மை அதில் வெளிப்படாது. நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீற்றர். இடமில்லாததால் கட்டடத்தின் மேல் கட்டடமாக மலையில் ஏறியிருக்கிறார்கள். 70 முதல் 135 மி.மீ. வரை நெருக்கி, வானத்தை விட்டுவிட்டு, மாடிகளையும் மலையையும் மட்டும் சட்டகத்தில் நிரப்பிப் பாருங்கள். அந்த அடுக்கு அப்போது தெரியும்.

சதுக்கத்தின் மறுபக்கத்தில் கீழே தெரியும் ஃபொன்வியேய் துறைமுகம் காலையில் பாறையின் நிழலுக்குள் கிடக்கும். அதை 11 மணிக்குப் பிறகு எடுங்கள். 11.55க்கு அரண்மனைக் காவலர் மாற்றம். கூட்டம் முன்கூட்டியே கூடிவிடும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாக இடம் பிடிக்க வேண்டும். கோடையில் காவலர் சீருடை வெள்ளை, குளிர்காலத்தில் கடும் நிறம். உச்சி வெயிலில் வெள்ளைத் துணியின் மடிப்புகள் வெளிறிப் போகாமல் இருக்க, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) சீருடைக்குப் பார்த்து வையுங்கள், பின்னால் உள்ள சுவருக்கு அல்ல.

நடுப்பகலில் கமராவுக்கு வெளியில் பெரிய வேலை இல்லை. இளவரசர் முதலாம் அல்பேர் 1910 இல் திறந்துவைத்த கடலியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மேல்தளத்திலிருந்து கடலும் கரையும் நன்றாகத் தெரியும். மொன்டே கார்லோவின் சூதாட்ட மாளிகையான கசினோவின் முகப்பு வடமேற்கைப் பார்த்தது. காலையில் போனால் கட்டடம் இருட்டாகவும் வானம் வெளிறியும் வரும். கோடைப் பிற்பகலில்தான் அதன் முகத்தில் வெயில் படும். குளிர்காலத்தில் வெயிலை எதிர்பார்க்கவே வேண்டாம். விளக்கு ஏற்றிய பிறகு எடுப்பதே அழகு. இருட்டும் வேளைக்கு மறுபடி அரண்மனைச் சதுக்கம். பத்து இடங்களுக்கு ஓடுவதைவிட, ஒரே மதிலோரத்தில் காலையிலும் இரவிலுமாக இருமுறை நிற்பது மேலான படங்களைத் தரும் என்பதே எங்கள் கருத்து.

இரவில் துறைமுகத்தை எடுத்தால் கட்டடங்கள் தெளிவாக வருகின்றன, படகுகள் மட்டும் கலங்கிப் போகின்றன. ட்ரைபொட் இருந்தும் ஏன்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

ட்ரைபொட் என்ற முக்காலி கமராவைத்தான் அசையாமல் பிடிக்கும். கட்டிய படகும் நீரில் ஆடிக்கொண்டே இருக்கும். பாய்மரக் கம்பத்தின் நுனி எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடும். 4 செக்கன் ஷட்டர் திறந்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் படத்தில் பதியும்.

இரண்டு படங்கள் எடுத்து இணைப்பதுதான் வழி. ட்ரைபொட்டைத் தொடாமல், முதல் படம் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரம்; எண் குறைந்தால் பெரிதாகத் திறக்கும்) 8, ஷட்டர் 4 செக்கன். கட்டடமும் நீரும் இதிலிருந்து வரும். இரண்டாவது படம் ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 4, 1/30 செக்கன். வெளிச்ச அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இதில் படகுகள் நின்றுவிடும். பிறகு கணினியில் இரண்டையும் அடுக்கி, படகு இருக்கும் பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது படத்தில் லென்ஸ் மறுபடி தேடிப் போய் இரண்டும் பொருந்தாமல் போகும். நிறத்தைச் சரிசெய்யும் வைட் பலன்ஸையும் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் இரண்டும் தங்கும்.

நேரமும் முக்கியம். கொழும்பில் சூரியன் மறைந்து 20 நிமிடம் சொச்சத்தில் வானம் கறுத்துவிடுகிறது. மொனாக்கோ வடக்கே 43 பாகைக்கு மேலே இருப்பதால் அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. வானம் கறுக்கும் முன் வரும் நீல வெளிச்சம் ஏறத்தாழ அரை மணி நேரம் நிற்கும். மறைந்த 15ஆவது நிமிடத்திலிருந்து 30ஆவது நிமிடம் வரை எடுத்தவையே தேறும். ஜூனில் சூரியன் மறைவது இரவு 9 மணி தாண்டி, டிசம்பரில் மாலை 5 மணிக்குச் சற்று முன்பு. ஜூனில் போகிறவர்கள் நீஸுக்குத் திரும்பும் கடைசி ரயிலை முதலிலேயே பார்த்து வையுங்கள். போவதற்கு முன் ஒரு மாலை பேர வாவிக் கரையில் ட்ரைபொட்டை வைத்து, தாமரைக் கோபுரத்தை இதே அளவுகளில் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பகலில் வெள்ளைப் படகுகள் ஒரு படத்தில் சாம்பலாகவும் இன்னொன்றில் வெளிறியும் வருகின்றனவே?
– வாசகர், தெஹிவளை

கமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். படகு சட்டகத்தை நிறைத்தால் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கும். அப்போது எக்ஸ்போஷரை கமராவின் +/- அளவில் 0.7 கூட்டுங்கள். கடும் நீலக் கடல் பெரிதாகவும் படகு சிறிதாகவும் இருந்தால் கடலை வெளுப்பாக்கப் பார்த்து படகை வெளிற வைத்துவிடும், அப்போது 0.7 குறையுங்கள். வெளிறிய இடத்தை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை கமராவில் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். போலரைசர் ஃபில்டர் கடலின் பளபளப்பைக் குறைக்கும், ஆனால் சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் முழுப் பயன். 24 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பகலுக்குத் தாராளமாகப் போதும். அகலக் கோண லென்ஸை மட்டும் தவிருங்கள். கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்தால் மாடிக் கட்டடங்கள் பின்னால் சரிவதுபோல வரும். நகரமெங்கும் பொது மின்தூக்கிகள் இருக்கின்றன; கட்டணம் இல்லை. ஒன்றிரண்டு மட்டம் ஏறி, கட்டடத்தின் நடுமாடி உங்கள் கண்ணுக்கு நேராக வரும் இடத்தில் போனை நிமிர்த்திப் பிடித்து 2 மடங்கு ஸூமில் எடுங்கள். கோடுகள் நேராக நிற்கும். இரவில் போனை மதிலில் சாய்த்து 3 செக்கன் டைமரில் விடுங்கள். கடற்காற்றின் உப்பும் விரல் எண்ணெயும் லென்ஸில் படிந்தால் ஒவ்வொரு விளக்கும் வால் விட்டுத் தெரியும். எடுக்கும் முன் துடைக்க வேண்டும்.

கசினோ வாசலில் நிற்கும் விலையுயர்ந்த கார்களைப் படமெடுக்க விடுவார்களா? என் மகனுக்கு அதுதான் ஆசை.
– வாசகர், மட்டக்குளி

பொது வீதியில் நின்று எடுக்கலாம், பலரும் எடுக்கிறார்கள். காரைத் தொடுவதும் சாய்வதும் கூடாது. ஆட்களின் முகத்தை நெருங்கி எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தனிமனித அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் அங்கே கண்டிப்பானது. வெளியிடும் முன் வாகன இலக்கத் தகட்டை மறைப்பது நல்லது.

மகனிடம் சொல்லுங்கள்: நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் எந்தக் காரும் பொம்மையாகிவிடும். முழங்காலிட்டு, முன்விளக்கின் உயரத்துக்குக் கமராவை இறக்க வேண்டும். அகல லென்ஸோடு கிட்டப் போனால் முன்மூக்கு வீங்கும். 50 முதல் 85 மி.மீ.யில் நான்கைந்து மீற்றர் தள்ளி நிற்பது சரி. மினுக்கிய வண்ணத்தில் எடுப்பவரின் உருவமே தெரியும், ஆகவே நேராக நிற்காமல் சற்றுப் பக்கமாக. கண்ணாடியில் வானம் தெரிந்தால் போலரைசரைத் திருப்பினால் குறையும். ஓடும் காருக்கு ஷட்டர் 1/30 முதல் 1/60. காரின் வேகத்துக்கே இடுப்பைத் திருப்பி, படமெடுத்த பிறகும் திருப்பத்தை நிறுத்தாமல் தொடர வேண்டும். நிறுத்துவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. மரீன் டிரைவில் முச்சக்கரவண்டிகளை வைத்துப் பழகலாம்.

கசினோவுக்குள் சூதாட்டம் நடக்கும் அறைகளில் படமெடுக்கக் கூடாது. அந்த அறைகளுக்கு 18 வயதும் கடவுச்சீட்டும் வேண்டும்.

ட்ரைபொட், ட்ரோன் கொண்டுபோகலாமா?
– வாசகர், வத்தளை

ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. ஃபொன்வியேயில் ஹெலிகொப்டர் தளம் இருப்பதால் ஹெலிகொப்டர்கள் தாழ்வாக வந்து போய்க்கொண்டே இருக்கும் வான்பரப்பு அது. உயரத்திலிருந்து எடுக்கத்தான் ட்ரோன் என்றால், மலை அதற்கும் மேலான உயரத்தைத் தருகிறது. மேலேயுள்ள லா துர்பி ஊர் பிரான்சுக்குச் சொந்தம், பஸ்ஸில் போகலாம். ரோமர்கள் எழுப்பிய அகஸ்டஸ் வெற்றித்தூண் அங்கே நிற்கிறது. அங்கிருந்து சுமார் 2 கி.மீ. நடந்தால் தெத் து சியன் முகடு. முழு நாடும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கும். காலையில் சூரியன் கண்ணுக்கு எதிரே வரும், ஆகவே பிற்பகலிலோ இருட்டும் வேளையிலோ போங்கள். திரும்பும் வழி இருட்டு, டோர்ச் கட்டாயம்.

ட்ரைபொட் சிறியதாக இருந்தால், வழியை மறிக்காமல் வைத்தால், சிக்கல் வருவது குறைவு. பெரிய ட்ரைபொட், விளக்கு, அலங்கரித்த மொடல் என்று போனால் வியாபாரப் படப்பிடிப்பு என்றே எண்ணுவார்கள். அதற்கு முன்அனுமதி தேவை. பொலிஸார் கேட்டால் பணிந்து மடித்துவிடுங்கள். இன்னொன்று: கடற்கரையைத் தாண்டி வெற்றுடம்போடோ நீச்சலுடையோடோ வீதியில் நடப்பது அங்கே தடை.

கிராண்ட் பிரி நேரத்தில் போவது நல்லதா?
– வாசகர், வெள்ளவத்தை

கார்ப் பந்தயமே நோக்கமென்றால் நல்லது, நகரத்தை எடுப்பதே நோக்கமென்றால் வேண்டாம். 1929 முதல் நடக்கும் பந்தயம் இது, 3.337 கி.மீ. சுற்று, எல்லாம் அன்றாட வீதிகள். பார்வையாளர் மேடைகளும் தடுப்புவேலிகளும் பல வாரம் முன்பே எழத் தொடங்கும், கழற்றவும் நாள் எடுக்கும். முன்பு மே இறுதியில் நடந்தது 2026 முதல் ஜூன் முதல் வாரஇறுதிக்கு மாறியிருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை துறைமுகப் படங்களில் இரும்புச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். துறைமுகம் சுத்தமாக வேண்டுமென்றால் ஒக்டோபரோ பெப்ரவரியோ நல்லது. கோடையின் கடல் மூட்டமும் அப்போது இல்லை.

பந்தயத்துக்கே போகிறவர்களுக்கு: அரண்மனைப் பாறையின் சரிவில் இருக்கும் பார்வையிடம் மலிவானது, ஆனால் தூரம், 200 முதல் 400 மி.மீ. லென்ஸ் வேண்டும். காரின் ஓட்டத்தைக் காட்ட ஷட்டர் 1/125, நேராக வரும் காரைப் படத்தில் உறைய வைக்க 1/1000. கம்பிவேலி குறுக்கிட்டால் லென்ஸை வேலிக்கு மிக அருகில் கொண்டுபோய் எஃப் 2.8 அல்லது 4இல் திறந்து, காரை நோக்கி ஃபோகஸ் வையுங்கள், கம்பி கரைந்துவிடும். எஃப் 11இல் வைத்தால் கம்பி கறுப்புக் கோடாகத் திரும்பி வரும். ஃபெயர்மொன்ட் ஹோட்டல் முன்னாலுள்ள கொண்டை வளைவு ஃபோர்முலா 1இன் மிக மெதுவான வளைவு. பந்தயம் இல்லாத நாட்களிலும் அங்கே போகலாம்; சாதாரண வாகனங்களை அதே வளைவில் எடுப்பது பயிற்சிக்கும் நல்லது.

தனி விசா வேண்டுமா? போன் இணைப்பு, சார்ஜர்?
– வாசகி, நுகேகொடை

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு பிரான்சுக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே போதும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை, ஆனாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். நாணயம் யூரோ.

போன் இணைப்பில் கவனம். மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதன் நாட்டுக் குறியீடு 377. ஐரோப்பாவுக்கு என்று விற்கும் சில சிம் பொதிகளில் மொனாக்கோ சேர்ந்திருக்காது. வாங்கும்போது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லைக்குள் ரோமிங்கை அணைத்து, படங்களை நீஸ் திரும்பிய பிறகு ஏற்றுங்கள்.

மின்னழுத்தம் இங்குள்ளதுபோல 230 வோல்ட்தான். செருகி மட்டும் வேறு: இரண்டு உருண்டைக் கம்பி. நம் சதுர மூன்றுகம்பிச் செருகி அதில் நுழையாது, செருகி மாற்றி (அடப்டர்) ஒன்று கொழும்பிலேயே வாங்கிவிடுங்கள். இரவுப் படமும் எடுப்பதாக இருந்தால் மேலதிக பட்டரி ஒன்று தேவை; குளிர்காலத்தில் அதைப் பையில் வைக்காமல் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள், குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கும்.