"இவளும் மண் சுமக்கணுமா?"

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அடுத்து என்னென்ன படிக்கலாம் என்று மாணவிகளிடம் பேசும்போது கட்டுமானத் துறையையும் சொன்னேன். சிரித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு மாணவியின் அம்மா வந்து, "நான் மண் சுமக்கறது போதாதா டீச்சர், இவளும் சுமக்கணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னது தவறா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தவறில்லை. அந்த அம்மா கேட்டதிலும் தவறில்லை.

நம் மலையில் லாரி ஒரு வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலும் ஜல்லியும் படிக்கட்டில் பெண்கள் தலையில்தான் போகின்றன. கூடவே வேலைக்கு வந்த பையன் இரண்டு வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாளாக வந்த பெண் முழங்கால் தேய்ந்து நிற்கும்வரை சித்தாள்தான். 2024 பிப்ரவரியில் ஊட்டிப் பக்கம் லவ்டேல் காந்தி நகரில், வீடு கட்டும் இடத்தில் மேலிருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண்கள் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அந்த அம்மாவுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

என் வீட்டுக் கதை ஒன்று. பின்பக்கம் எட்டடிக்குத் தடுப்புச் சுவர் கட்டினோம். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற நடுநடுவே பைப் வைத்திருந்தார்கள். கடைசியில் பூசும்போது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கான்ட்ராக்டர் அந்த வாய்களையும் சேர்த்துப் பூசச் சொல்லிவிட்டார். சாந்து தூக்கி வந்த அக்கா, "ஓட்டையை மூடறாங்களேங்க, தண்ணி எங்கே போகும்?" என்றார். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளியது, மூன்றாம் நாள் சமையலறை ஜன்னல் வரை வந்து விழுந்தது.

ஈர மண்ணின் எடையோடு தேங்கிய நீரின் அழுத்தமும் சுவரைத் தள்ளும். அந்த அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "பூசாதே" என்று நிறுத்தும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை. மகளைப் படிக்கச் சொல்வது அந்த அதிகாரத்துக்காக என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஜம்மு காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் 2025-ல் திறந்தார்களே, அதன் பாறைச் சரிவுகள் நழுவாமல் நிற்க 17 ஆண்டுகள் ஆலோசனை சொன்னவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) பேராசிரியர் மாதவி லதா. மலைச்சரிவைப் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. நம் ஊருக்கு இதைவிடத் தேவையான படிப்பு எது?

வழியும் கடினமில்லை. பத்து முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருட சிவில் டிப்ளமோ, அங்கிருந்து நேரே பி.இ. இரண்டாம் வருடம். ஐடிஐயில் கட்டட வரைபடம் போடும் வரைவாளர் படிப்பு இரண்டு வருடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்துவிட்டுப் போனால் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

சங்கடங்களையும் மறைக்காதீர்கள். பல சைட்டுகளில் கழிப்பறை இருக்காது. "பொண்ணுதானே, ஆபீஸ்ல உட்காரட்டும்" என்பார்கள். மேஸ்திரி முதல் ஆறு மாதம் காதிலேயே வாங்க மாட்டார்.

அப்புறம், நீங்கள் கணக்கு டீச்சர். ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்று கரும்பலகையில் கொடிமரம் வரைவதை ஒரு நாள் விடுங்கள். மழை விட்டதும் பிள்ளைகளைப் பக்கத்துத் தடுப்புச் சுவருக்குக் கூட்டிப்போய் உயரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை பைப்பில் தண்ணீர் வருகிறது, எத்தனை அடைத்திருக்கிறது என்று எண்ணட்டும். முடிந்தால் அந்த அம்மாவையும் கூப்பிடுங்கள். எந்த மண் நிற்கும், எது வழுக்கும் என்று அவர் காட்டுவார். டேப் பிடிக்க ஆள் குறைந்தால் நான் வருகிறேன்.